அருவியின் உயரம் படத்தில் ஏன் வருவதில்லை?

அருவிக்குப் போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் பெரும்பாலும் ஒரே குறைதான். தண்ணீர் இருக்கிறது, பாறை இருக்கிறது, பச்சைப்பசேலென்று காடும் இருக்கிறது. உயரம் மட்டும் இல்லை. "நேரில் பார்த்தால் மிரண்டு போவீர்கள்" என்று படத்தைக் காட்டுகிறவர் வாயால் சொல்லித்தான் அதை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. போன் கேமராவில் இவ்வளவுதான் வரும், நல்ல கேமராவாக இருந்தால் வந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். லட்ச ரூபாய்க் கேமராவில் எடுத்த படங்களிலும் இதே குறை இருப்பதைப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது. உயரம் என்பது கேமரா பதிவு செய்யக்கூடிய சங்கதியே இல்லை. பார்ப்பவர் தன் மனதுக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கு அது. அந்தக் கணக்கைப் போட ஓர் ஆதாரத்தைப் படத்துக்குள் வைத்துக் கொடுப்பது எடுப்பவரின் பொறுப்பு. ஆதாரம் எது, அதை எங்கே வைப்பது என்ற இரண்டு கேள்விகளில், இரண்டாவதில்தான் பெரும்பாலான படங்கள் தோற்கின்றன.

கேமராவுக்குத் தெரிந்தது கோணம் மட்டுமே. 60 மீட்டர் உயர அருவியை 150 மீட்டர் தள்ளி நின்று எடுத்தாலும், 6 மீட்டர் உயர அருவியை 15 மீட்டர் தள்ளி நின்று எடுத்தாலும், படத்தில் இரண்டும் ஒரே அளவில்தான் விழும். நேரில் நிற்கும்போது நாம் இப்படி ஏமாறுவதில்லை. நடந்து வந்த தூரம் காலுக்குத் தெரியும். தலையைக் கொஞ்சம் அசைத்தால் பக்கத்துப் பாறை நகர்கிறது, தூரத்து அருவி நகர்வதில்லை. இரைச்சல் காதை அடைக்கிறது. உச்சியில் பிரியும் ஒரு தண்ணீர்க் கொத்தைக் கண்ணால் தொடர்ந்து வந்தால், 60 மீட்டர் இறங்க அதற்குக் குறைந்தது மூன்றரை விநாடி பிடிக்கிறது. 3 மீட்டர் ஓடை அருவியில் ஒரு விநாடிகூட ஆவதில்லை. இத்தனை சாட்சியங்களும் நிழற்படத்தில் ஒரே நொடியில் போய்விடுகின்றன. உலகின் மிக உயர்ந்த அருவியான வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவி 979 மீட்டர் என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். அந்த எண் 1949-இல் ரூத் ராபர்ட்சன் என்ற அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் தலைமை ஏற்றுக் காட்டுக்குள் அழைத்துச் சென்ற குழுவின் அளவையிலிருந்து கிடைத்தது. குழுவின் தலைவரே படமெடுப்பவர்தான். ஆனாலும் உயரத்தைச் சொல்வதற்கு நில அளவைக் கருவி தேவைப்பட்டது.

அளவு தெரியாத ஒன்றைப் புரிந்துகொள்ள அளவு தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதைக் கேமரா பிறப்பதற்கு முன்பே கலைஞர்கள் அறிந்திருந்தார்கள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், மலைவளம் சொல்லும் குறத்தி தேனருவி எத்தனை அடி உயரம் என்று சொல்வதில்லை. அதன் அலை வானம்வரை எழும்பி வழிவதால் சூரியனுடைய குதிரைகளின் காலும் தேரின் சக்கரமும் வழுக்குவதாகச் சொல்கிறாள். சூரியன் எவ்வளவு உயரத்தில் போகிறான் என்பது கேட்பவருக்குத் தெரியும். அருவியின் உயரம் அதிலிருந்து பிறக்கிறது. சீனாவில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஃபான் குவான் வரைந்த மலைக்காட்சி ஒன்று தைபேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமுள்ள பட்டுத்திரை. அதில் பெரும்பகுதியை ஒரே பாறைமலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வலப்புறப் பிளவில் ஓர் அருவி வெள்ளை நூலாக இறங்குகிறது. கீழே, வலது ஓரத்தில், மரக்கூட்டத்தை விட்டு வெளியே வரும் சுமை தூக்கிய கோவேறு கழுதைகள் சிலவும் அவற்றை ஓட்டும் ஆட்களும். தேடித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு சிறியவை. அவற்றைக் கண்டுபிடித்த கணத்தில் அந்த வெள்ளை நூல் நூற்றுக்கணக்கான அடி அருவியாக மாறிவிடுகிறது. கழுதைகளை விரலால் மறைத்துவிட்டுப் பார்த்தால், அதே மலை தோட்டத்தில் வைத்த அலங்காரக் கல்லாகவும் இருக்கலாம்.

ஆக, ஓர் ஆளை நிறுத்தினால் போதுமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஐஸ்லாந்தின் ஸ்கோகாஃபாஸ் அருவியை எடுத்துக்கொள்வோம். 60 மீட்டர் உயரம், 25 மீட்டர் அகலம். அதன் முன்னால் ஆற்றங்கரை சமதளமாக விரிந்திருப்பதால் அடிவாரம்வரை நடந்து போகலாம். 150 மீட்டர் தள்ளிக் கேமரா இருப்பதாகவும், 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் அருவியின் அடியில் நிற்பதாகவும் வைத்துக்கொண்டால், படத்தில் அருவி அவரைவிட 37 மடங்கு உயரமாக இருக்கும். அதுதான் உண்மையான விகிதமும். அதே ஆளைக் கேமராவிலிருந்து 10 மீட்டரில் நிறுத்தி, "திரும்பிப் பார், சிரி" என்று எடுத்தால்? இப்போது அருவி அவரைவிட இரண்டரை மடங்குதான். ஆளையும் அருவியையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்கு 60 மீட்டர் அருவி 4 மீட்டர் அருவியாகிவிட்டது. அவர் முன்னால் நிற்கிறார், அருவி பின்னால் இருக்கிறது என்பது யாருக்கும் புரியும். எவ்வளவு பின்னால் என்பதைச் சொல்லத்தான் படத்தில் எதுவுமில்லை. குடும்பப் படங்களில் உலகத்து அருவிகளெல்லாம் குட்டையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அளவுகோல் அளக்கப்படும் பொருளோடு ஒட்டி இருக்க வேண்டும் என்பது துணிக்கடையில் மீட்டர் கோலைப் பார்த்த எவருக்கும் தெரியும். ஆளும் அருவியும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும்போதுதான் ஆள் அளவுகோல் ஆகிறார். இல்லாவிட்டால் அவர் படத்தில் இருக்கும் இன்னொரு பொருள், அவ்வளவுதான்.

லென்ஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததே. பெரிய அருவி, ஆகவே பெரிய பரப்பை அடக்கும் அகல லென்ஸ் வேண்டும் என்று கை தானாக அங்கே போகிறது. போனில் 0.5 என்று இருக்கும் பொத்தானை அழுத்தினால் முழு அருவியும் சட்டத்துக்குள் வந்துவிடும், உண்மைதான். ஆனால் அகல லென்ஸின் குணம் பக்கத்தில் இருப்பதைப் பூதாகரமாக்கித் தூரத்தில் இருப்பதைத் தள்ளிவிடுவது. காலடியில் கிடக்கும் பாசிபிடித்த கல் கால்வாசிப் படத்தைப் பிடிக்கும், அருவி நடுவில் சுருங்கும். அருவியின் காலடிக்கே போய் அண்ணாந்து எடுப்பது இன்னும் மோசம். 60 மீட்டர் அருவிக்கு 30 மீட்டர் அருகில் நின்றால், கண்ணில் அதன் கீழ்ப்பாதி 45 பாகை இடம் பிடிக்கும். மேல்பாதிக்கு 18 பாகைதான் கிடைக்கும். எந்தப் பாதியில் உயரம் இருக்கிறதோ அந்தப் பாதியே நசுங்கிப்போகிறது. 150 மீட்டர் பின்னால் வந்தால் கீழ்ப்பாதி 11 பாகை, மேல்பாதி 10.5 பாகை என்று இரண்டும் அனேகமாகச் சமமாகிவிடும். பின்னால் வந்து, தூரத்தை இழுக்கும் லென்ஸைப் போட்டு, எதிர்ச்சரிவில் கொஞ்சம் ஏறி அருவியின் இடுப்பு மட்டத்துக்கு நேராக நிற்க முடிந்தால் இன்னும் நல்லது. பிரமாண்டத்தைக் காட்ட நெருங்கிப் போக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

எல்லா அருவிக்கும் மனித உருவம் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் ஜோக் அருவி 253 மீட்டர். போன் திரையில் அந்த அருவிக்கு 10 சென்டிமீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அடியில் நிற்கும் மனிதர் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டுவார். தூசி என்று துடைத்துவிடத் தோன்றும். அளவுகோல் மிகச் சிறியதாகப் போனாலும் அளக்க முடியாது. அங்கே இடையில் ஒரு படி தேவை: ஆளைவிடப் பெரியது, அருவியைவிடச் சிறியது, எல்லோரும் கண்டிருக்கக்கூடியது. மரங்கள் ஓரளவு உதவும், ஆனால் மரம் 5 மீட்டரும் இருக்கும், 40 மீட்டரும் இருக்கும். இந்த வகையில் கோவா–கர்நாடக எல்லையிலுள்ள தூத்சாகர் அருவிக்கு வாய்த்தது பெரும் பாக்கியம். காசில்ராக்குக்கும் குலேமுக்கும் இடையிலான மலைப்பாதையில், அருவியை ஒட்டியே பாலத்தின் மீது ரயில் போகிறது. 'சென்னை எக்ஸ்பிரஸ்' திரைப்படத்தில் ரயில் வந்து நிற்கும் அந்த இடத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். தூத்சாகரின் மொத்த உயரம் 310 மீட்டர். இப்போது ஓடும் எல்எச்பி வகை ரயில் பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர் நீளம். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வைத்தால் பதின்மூன்று தேவைப்படும். நம் ஊர்க்காரர் எவரும் ஒரு முறையாவது ரயில் பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தட்டுத்தடுமாறி நடந்திருப்பார். அந்த நீளம் உடம்புக்குத் தெரிந்த நீளம். பாலத்துக்கு மேலே தெரியும் தண்ணீர் அருவியின் ஒரு பகுதிதான் என்றாலும், ரயில் கடக்கும் அந்தச் சில விநாடிகளில் எடுத்த படத்தில் இருக்கும் பிரமாண்டம் ரயில் இல்லாத படத்தில் இல்லை.

அளவைச் சொல்லும் இன்னொரு சாட்சி தண்ணீரிடமே இருக்கிறது. அதை நாமே அழித்துவிடுகிறோம். சினிமாவில் மாதிரி அணைகளையும் மாதிரிக் கப்பல்களையும் வைத்துப் படமெடுத்தவர்களுக்குத் தண்ணீர்தான் பெரிய தலைவலி. கப்பலைச் சிறிதாக்கலாம், துளியைச் சிறிதாக்க முடியாது. துளியின் அளவு காட்டிக்கொடுத்துவிடும். அருவியிலும் அப்படித்தான். சின்ன அருவி கண்ணாடித் தகடுபோல வழியும். மிக உயர்ந்த அருவியில் தண்ணீர் பாதிவழியிலேயே உடைந்து, கொத்துக் கொத்தாக, வால்வைத்த புகைத்திரள்களாக இறங்கும். அந்த உடைசலைப் பார்த்ததும் கண் பெரிய அருவி என்று கணக்குப் போடுகிறது. இப்போதெல்லாம் அருவி என்றாலே பல விநாடிகள் ஷட்டரைத் திறந்துவைத்துத் தண்ணீரைப் பட்டுத்துணியாக்குவது வழக்கமாகிவிட்டது. சிறிய ஓடைக்கு அது அழகு. 3 மீட்டர் அருவியின் அடியில் தண்ணீரின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர். கால் விநாடியில் அது கிட்டத்தட்ட 2 மீட்டர், அதாவது அருவியின் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்து கோடாகிவிடும். 60 மீட்டர் அருவியில் காற்றின் தடையைச் சேர்க்காமல் பார்த்தால் வேகம் 34 மீட்டர்; அதே கால் விநாடியில் விழும் கோடு அருவியின் ஏழில் ஒரு பங்குதான். ஆகவே கோட்டின் நீளமே அருவியின் உயரத்தைச் சொல்லும் ஒரு குறிப்பு. பத்து விநாடி திறந்துவைத்தால் இரண்டு அருவியும் ஒரே வெள்ளைப் பூச்சு. உயரத்தைக் காட்ட விரும்புகிறவர் கால் விநாடியைத் தாண்ட வேண்டியதில்லை. விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வைத்துக் கொத்துகளை அப்படியே நிறுத்திவிடுவது என் கணிப்பில் இன்னும் நேர்மையான வழி.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், ஆளை நிறுத்துவது தேய்ந்துபோன உத்தி என்பது. சிவப்புச் சட்டை போட்டவர் முதுகைக் காட்டி நிற்கும் அருவிப் படம் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறது. இயற்கையை மனிதன் இல்லாமல் காட்டக்கூடாதா என்று கேட்கிறார்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸின் யோசெமிட்டி பள்ளத்தாக்குப் படங்களில் மனிதர்களைக் காண்பது அரிது. அவருக்கு முன்னோடியான கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் அதே பள்ளத்தாக்கில் எடுத்த படங்களிலும் ஆட்கள் முக்கியமில்லை. ஆனாலும் அவை பார்த்தவர்களை அசத்தின. 1864-இல் ஆபிரகாம் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்காகப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டதற்கு அந்தப் படங்களும் ஒரு தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. இந்த வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் வாட்கின்ஸ் சுமந்து போனது 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடு. அதிலிருந்து அதே அளவில் அச்சிட்ட படத்தில் அடிவாரத்து ஊசியிலை மரங்களைத் தனித்தனியாக எண்ணலாம். அளவுகோலாக அவை போதும். போதாததற்கு, பல படங்களின் தலைப்பிலேயே அவர் உயரத்தை அடிக்கணக்கில் எழுதிவைத்தார். நம் படங்களைப் பெரும்பாலோர் பார்ப்பது ஒரு சாண் திரையில், விரலால் தள்ளிக்கொண்டே. அந்தத் திரையில் மரங்கள் வெறும் பச்சை நிறம். சிவப்புச் சட்டைக்காரர் சலித்துவிட்டார் என்றால் அவருக்குப் பதிலாகப் பறவையையோ, கம்பி வேலியையோ, மலைப்பாதையில் போகும் பேருந்தையோ தேடலாம். சலித்துப்போனது உருவம், அளவுகோலின் தேவை அப்படியே இருக்கிறது.

இரண்டாவது வாதம் இன்னும் நுட்பமானது. முழுதும் காட்டினால் உயரம் குறையும், மறைத்தால் கூடும் என்கிறார்கள். பதினொன்றாம் நூற்றாண்டின் சீன ஓவியர் குவோ ஷீயே மலையின் இடுப்பில் மூடுபனியைச் சுற்றினால் அது உயரும் என்ற கருத்தைச் சொன்னவர்தான். அமெரிக்க ஓவியர் ஃபிரெடரிக் சர்ச் 1857-இல் நயாகராவை ஏழரை அடி அகலத் திரையில் வரைந்தபோது, முன்னால் கால் வைக்க நிலமே இல்லாமல் தண்ணீரின் விளிம்பிலிருந்து தொடங்கினார். அருவி விழும் அடியும் முழுதாகத் தெரிவதில்லை. உச்சியையோ அடியையோ சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டால் மீதியைப் பார்ப்பவரின் மனம் நீட்டிக்கொள்ளும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மழைக்காலத்து ஜோக்கில் பள்ளம் முழுக்க மேகம் அடைத்திருக்கும்போது அதைத் தவிர வேறு வழியுமில்லை. ஆனால் மனம் நீட்டுவதற்கும் ஒரு தொடக்கம் வேண்டும். தெரிகிற பகுதி எவ்வளவு என்று புரிந்தால்தான் மறைந்த பகுதியைக் கூட்டிக்கொள்ள முடியும். மூடுபனிக்கு மேலே விளிம்பில் ஒரே ஒரு தென்னையோ, ஒரு கட்டடத்தின் கூரையோ தெரிந்தால் மறைத்தல் வேலை செய்யும். எதுவுமே இல்லையென்றால் அது வெறும் வெள்ளை.

டிரோனும் வீடியோவும் வந்த பிறகு இந்தக் கவலை எதற்கு என்பாரும் உண்டு. வீடியோவில் விழும் நேரம் தெரிவதால் உயரம் ஓரளவு கிடைக்கும் என்பது சரி. ஆனால் வீடியோவை மெதுவாக்கி ஓட்டும் பழக்கம் அந்தச் சாட்சியையும் கெடுக்கிறது. டிரோன் மேலே போகப் போக அருவி வரைபடத்தில் போட்ட வெள்ளைக் கோடுபோல ஆகிறது. மேலிருந்து குனிந்து பார்த்தால் எந்தச் செங்குத்தும் தட்டையாகிவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. அருவியின் அருகே ஆளை நிறுத்து என்று எழுதினால் நாலு பேரை ஆபத்தில் தள்ளுவதாகாதா? 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் புல்லாவெளி அருவியில், படமெடுத்துக்கொள்ளப் பாறை நுனிக்குப் போன இளைஞர் ஒருவர் வழுக்கி விழுந்த காட்சியைத் தமிழ்நாடே போனில் பார்த்தது. தூத்சாகரில் தண்டவாளத்தில் இறங்கி நடப்பதற்கே தடை இருக்கிறது. அது சரியான தடை. இங்கே கணக்கு நமக்குத் துணை நிற்கிறது. ஆள் அருவியின் அடிக்கே போகத் தேவையில்லை. அவர் அருவியிலிருந்து 30 மீட்டர் முன்னால் பாதுகாப்பான தரையில் நிற்கட்டும். கேமரா 300 மீட்டர் பின்னால் போகட்டும். ஸ்கோகாஃபாஸ் கணக்கில் 37 மடங்காக இருக்க வேண்டிய விகிதம் 34 ஆகும், அவ்வளவுதான் நஷ்டம். கேமரா எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு ஆள் அருவியை விட்டு விலகி நிற்கலாம். முன்னேற வேண்டியவர் யாருமில்லை, பின்வாங்க வேண்டியவர் படமெடுப்பவர்தான். குற்றாலம் பேரருவியில் அந்தச் சிரமமும் இல்லை. சீசனில் அங்கே பாதுகாப்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குக் கீழே தோளோடு தோள் நெருக்கி நிற்கும் கூட்டம் அருவியின் அடியிலேயே வரிசையாக அமைந்த அளவுகோல். முன்வரிசைக்குப் போய் அவர்களை மட்டும் எடுக்காமல், கடைத்தெருப் பக்கம் பின்னால் வந்து, அருவி நடுவழியில் விழுந்து பொங்கும் பொங்குமாங்கடல் என்ற பள்ளமும் அதற்கு மேலே உள்ள பாறையும் சட்டத்துக்குள் ஏறும்வரை நடந்து எடுத்தால் உயரம் வந்துவிடும். அந்தத் தூரத்தில் குளிப்பவர்களின் முகமும் பதியாது. அவர்களுக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை அது. இந்தச் சீசனுக்கு எந்த அருவிக்குப் போனாலும் சரி, உங்கள் படத்துக்காக ஒருவரையும் வேலியைத் தாண்ட வைக்காதீர்கள். நீங்கள் பின்னால் நடங்கள்.